புதுப்பிப்பு: மிளகாய், தக்காளி இல்லாத குழம்பு ஃப்ரீசரில்

தங்கையின் முடக்குவாதத்துக்காக தானியம், பருப்பு, பால், முட்டை, மிளகாய், தக்காளி எல்லாம் நிறுத்திய விலக்கு உணவை மொத்தமாகச் சமைத்து உறைய வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். தாராளமாக வைக்கலாம். தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பன் நகரில் மடும்பி என்று விற்கும் சேப்பங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும்தான் பெரிய துணை.

இந்த உணவில் விதைகளும் கூடாது. கடுகும் சீரகமும்கூட விதைதான், அதனால் அவையும் கூடாது. எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான். தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலையைப் பொரித்துக் கொட்டினால் வீடே மணக்கிறது, தங்கையும் ஆசையாகச் சாப்பிடுகிறாள். கோழியை இஞ்சி, பூண்டு, மஞ்சளோடு வேகவைத்து, ஆறியதும் ஒரு வேளை அளவு டப்பாக்களில், மேலே ஒரு விரல்கடை இடம் விட்டு அடைக்கிறேன். தேங்காய்ப்பால் உறைந்தால் திரிந்துவிடும். அதைச் சூடாக்கும்போது ஊற்றுங்கள்.

அப்புறம், மின்வெட்டுக்குப் பயந்தவர்களுக்கு: நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. அடுத்து, டயட்டீஷியன் சொன்னபடி நிறுத்தியவற்றில் முட்டை மஞ்சள்கருவை முதலில் திரும்பச் சேர்த்துப் பார்க்கிறோம்.