ஏஏவி9: எம்ப்டியும் ஃபுல்லும் ஒரே பீக்ல வருது, காலம் (column) கெட்டுப் போயிடுச்சா?

குழம்பிய_குடுவை:
ஜீன் தெரபிக்கு மரபணுவ சுமந்துட்டுப் போற ஏஏவி9 வைரஸ்ல, உள்ள டிஎன்ஏ இருக்குற ஃபுல் கேப்சிட (வைரஸோட புரோட்டீன் ஓடு) டிஎன்ஏ இல்லாத எம்ப்டிலேர்ந்து பிரிக்கணும், மூணு வாரமா இதே பொழப்பா போச்சு. ஹெச்ஈகே (மனுஷ கிட்னி) செல்லுல, மூணு பிளாஸ்மிட ஒண்ணா உள்ள விடுற டிரிபிள் டிரான்ஸ்ஃபெக்‌ஷன் பண்ணி, செல்ல உடைச்ச லைசேட்டுக்கு பென்சோனேஸ் (வெளிய கிடக்குற டிஎன்ஏவ நறுக்குற என்சைம்) போட்டு, ஃபில்டர் பண்ணி, கேப்சிட மட்டும் புடிக்கிற அஃபினிட்டி காலம்ல புடிச்சு, சிட்ரேட் பஃபர் பிஹெச் 3ல எலூட் பண்ணி (கழட்டி எடுத்து) உடனே டிரிஸ் போட்டு நியூட்ரலைஸ் பண்றேன். இதுவரைக்கும் நல்லாதான் இருக்கு, ஜெல்லுல கேப்சிட் புரோட்டீன் விபி1, விபி2, விபி3 மூணு பேண்டும் பளிச்னு வருது. அதை மூணு மடங்கு டைல்யூட் பண்ணி பிஹெச் 9ல அனயான் எக்ஸ்சேஞ்ச் மோனோலித்ல (நெகட்டிவ் சார்ஜ் உள்ளத புடிக்கிற காலம்) ஏத்துனாதான் வினையே. பாதி ஒட்டாம ஃப்ளோ த்ரூல ஓடிடுது, மிச்சம் ஒரே குண்டு பீக்கா வருது. புது காலம் வேணும்னு பாஸ் முன்னாடி போய் நிக்கவே பயமா இருக்கு, யாராவது சொல்லுங்க.

உப்புக்கல்:
காலத்த திட்டாதீங்க ப்ரோ, அதுக்குள்ள என்ன ஊத்துறீங்கன்னு பாருங்க. லோடு சாம்பிளோட கண்டக்டிவிட்டி (உப்பு எவ்ளோன்னு காட்டுற மின்கடத்துத்திறன்) எவ்ளோ?

அஃபினிட்டி லிகண்டுக்கு கேப்சிடோட வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும், உள்ள டிஎன்ஏ இருக்கா இல்லையான்னு அதுக்கு கவலையே இல்ல, அதனால எம்ப்டி ஃபுல் எல்லாத்தையும் அள்ளிட்டு வந்துடும். பிரிக்கிற வேலை முழுக்க அனயான் எக்ஸ்சேஞ்ச் தலையிலதான். அங்கயும் வித்தியாசம் ரொம்ப கம்மி, ஐசோஎலெக்ட்ரிக் பாயிண்ட் (மொத்த சார்ஜ் பூஜ்யமாகுற பிஹெச்) எம்ப்டிக்கு சுமார் 6.3, ஃபுல்லுக்கு 5.9, அவ்ளோதான். இவ்ளோ சின்ன இடைவெளிய வச்சு பிரிக்கணும்னா காலம்ல வேற எதுவும் இடத்த புடிச்சு உக்காரக்கூடாது. உங்க சிட்ரேட் அதைத்தான் பண்ணுது, பிஹெச் 9ல அதுக்கு மூணு நெகட்டிவ் சார்ஜ், கேப்சிடுக்கு முன்னாடி அதுவே போய் ஒட்டிக்கும். கிளைசின்ல எலூட் பண்ணிப் பாருங்க, கண்டக்டிவிட்டி சென்டிமீட்டருக்கு 2-3 மில்லிசீமென்ஸுக்கு கீழ வர்ற வரைக்கும் டைல்யூட் பண்ணுங்க, மூணு மடங்கெல்லாம் பத்தவே பத்தாது. இவ்ளோ டைல்யூட் பண்ணா கேப்சிட் டியூப் சுவத்துல ஒட்டிக்கும், அதனால எல்லா பஃபர்லயும் 0.001 சதவீதம் புளூரானிக் எஃப்68 (ஒட்டாம தடுக்குற சர்ஃபாக்டன்ட்) இருக்கட்டும்.

அரைகுறை_ஆராய்ச்சி:
மேல சொன்னது சரிதான், ஆனா இதை இன்னொரு ஏஏவி வகையான ஏஏவி2வுக்கு அப்படியே காப்பி அடிச்சிடாதீங்க, அது உப்பு கம்மியானா கட்டி கட்டியா சேர்ந்துக்கும். நான் அப்படி ஒரு பேட்ச்ச மொத்தமா பறிகொடுத்தவன் :(

அப்புறம் யூவில 280 நானோமீட்டர் (புரோட்டீன்) மட்டும் பார்த்துட்டு இருக்கீங்களா? 260யும் (டிஎன்ஏ) சேர்த்து ஓட்டுங்க. 260/280 ரேஷியோ 0.6 பக்கம்னா எம்ப்டி, 1.2க்கு மேலன்னா ஃபுல். குண்டு பீக்கா இருந்தாலும் முன்பக்கம் 0.7, பின்பக்கம் 1.1னு ரேஷியோ ஏறுச்சுன்னா பிரிய ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம், உப்ப ஏத்துற கிரேடியன்ட்டதான் இன்னும் படுக்க வைக்கணும். பஃபர்ல 2 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு போட்டா பிரிவு இன்னும் தெளிவாகும்.

பழைய_பள்ளிக்கூடம்:
இவ்ளோ தலைவலி எதுக்கு, சீசியம் குளோரைடு போட்டு ராத்திரி முழுக்க அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ்ல சுத்த விடுங்க. ஃபுல் 1.40 அடர்த்திலயும் எம்ப்டி 1.31லயும் தனித்தனி பேண்டா நிக்கும், ஊசியால உறிஞ்சிக்கலாம்.

உப்புக்கல்:
எலிக்கு போடணும்னா சரி சார். ஸோல்ஜென்ஸ்மாங்கிற ஏஏவி9 ஜீன் தெரபி மருந்துல ஒரு கிலோ எடைக்கே 1.1×10^14 வெக்டர் ஜீனோம் போகுது, அந்த அளவுக்கு டியூப் டியூபா எத்தனை நாள் சுத்துவீங்க? அந்த டோஸ்ல எம்ப்டி கலந்திருந்தா இம்யூன் சிஸ்டத்துக்கு சும்மா தேவையில்லாத புரோட்டீன் சுமை வேற.

குழம்பிய_குடுவை:
அப்டேட்! கண்டக்டிவிட்டி பார்த்தா 9 இருந்துச்சு, வெட்கமா இருக்கு. கிளைசினுக்கு மாத்தி, 20 மடங்கு டைல்யூட் பண்ணி, 60 காலம் வால்யூம்ல மெதுவா கிரேடியன்ட் ஓட்டுனேன். ஃப்ளோ த்ரூ சுத்தமா காலி, ரெண்டு பீக் வந்துடுச்சு, முதல் பீக் ரேஷியோ 0.65, ரெண்டாவது 1.22. ஆனா நடுவுல ஒரு பள்ளம் முழுசா இறங்காம நிக்குது, அங்க 0.9 காட்டுது. அதையும் ஃபுல்லோட சேர்த்துக்கலாமா? சேர்த்தா ஈல்டு நல்லா ஏறும்.

அரைகுறை_ஆராய்ச்சி:
சேர்க்காதீங்க, ஆசை வேணாம். அது எம்ப்டியும் ஃபுல்லும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்ததாவும் இருக்கலாம், ஜீனோம் பாதி மட்டும் ஏறுன பார்ஷியல் கேப்சிடாவும் இருக்கலாம், யூவி ரேஷியோவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். தனி ஃப்ராக்‌ஷனா எடுத்து ஏயூசி (அனலிட்டிக்கல் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ்) ஓட்டுனா பார்ஷியல் எம்ப்டிக்கும் ஃபுல்லுக்கும் நடுவுல தனியா தெரியும். மெஷின் இல்லன்னா டிஎன்ஏஸ் போட்டுட்டு டிஜிட்டல் பிசிஆர் டைட்டரையும் (ஜீனோம் எண்ணிக்கை) எலிசா டைட்டரையும் (மொத்த கேப்சிட் எண்ணிக்கை) ஒப்பிட்டாவது பாருங்க, ஆனா அதுவும் பார்ஷியல தனியா காட்டிக் கொடுக்காது.