பி.டி.ஏ.: ‘நெருக்குதல் தாளாமை’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அன்றாட எதிர்பார்ப்புகளைக்கூடத் தாங்க முடியாமல் சில குழந்தைகள் தவிர்க்கிற நிலையை ஆங்கிலத்தில் பேத்தலாஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ் (சுருக்கமாக பி.டி.ஏ.) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயராக நம் குழுவில் இதுவரை முன்வைக்கப்பட்ட ‘நோயியல் கோரிக்கைத் தவிர்ப்பு’, ‘கட்டாயத் தவிர்ப்பு’, ‘ஏவல் மறுப்பு’ ஆகிய மூன்றையும் இந்நிலையில் உள்ள குழந்தைகளின் நடத்தையோடு பொருத்திப் பார்த்தேன். மூன்றும் ஏதோ ஓரிடத்தில் இடறுகின்றன. அதை விளக்குவதற்கு முன், பெயர் எதைச் சுட்ட வேண்டும் என்பதைச் சற்று விரித்துப் பேச வேண்டியிருக்கிறது.

நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி உளவியலாளர் எலிசபெத் நியூசன் 1980களில் இப்பெயரைப் பயன்படுத்தத் தொடங்கினார். அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 2003இல் வெளியானது. ஆட்டிசத்தை ஒத்திருந்தும் அதன் வழக்கமான சித்திரத்துக்குள் அடங்காத சில குழந்தைகளை அவர் விவரித்தார். அன்றாட வாழ்வின் மிகச் சாதாரணமான எதிர்பார்ப்புகளைக்கூட அவர்கள் தவிர்த்தார்கள்; அதற்காகப் பேச்சை மாற்றினார்கள், சாக்குச் சொன்னார்கள், பேரம் பேசினார்கள், கற்பனைப் பாத்திரமாகவே மாறிக்கொண்டார்கள். காலணியைப் போட்டுக்கொள் என்றதும், ‘நான் பூனை, பூனைக்கு ஏது காலணி?’ என்று தவழ்ந்து போய்விடுகிற குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் விடாமல் வலியுறுத்தினால், அந்தப் பூனை சிரிப்பை நிறுத்திவிட்டுக் கத்தவும் கையில் கிடைத்ததை வீசவும் தொடங்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது அடம். உள்ளே ஓடிக்கொண்டிருப்பது பீதி.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-5இலோ உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11இலோ இது தனி நோயறிதலாக இடம்பெறவில்லை. இது தனி நிலையா, ஆட்டிசத்தின் ஒரு முகமா, ஆட்டிசத்தோடு பதற்றம் சேர்ந்ததன் விளைவா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஆங்கிலத்திலேயே ‘பேத்தலாஜிக்கல்’ என்ற அடைமொழியை விரும்பாதோர் ‘எக்ஸ்ட்ரீம்’ (மிகத் தீவிரமான) என்று மாற்றிக்கொண்டார்கள்; வேறு சிலர் அதே மூன்றெழுத்தை வைத்துக்கொண்டு ‘பெர்வேசிவ் டிரைவ் ஃபார் அட்டானமி’ (எல்லாவற்றிலும் தன் விருப்பப்படி இயங்கத் தூண்டும் உந்துதல்) என்று விரிக்கிறார்கள். இந்நிலையில் ‘நோயியல்’ என்பதை நாம் மட்டும் கட்டிக்கொண்டு அழ வேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து.

சிக்கல் முழுவதும் ‘டிமாண்ட்’ என்ற சொல்லில் இருக்கிறது. கோரிக்கை என்பது பெரும்பாலும் கீழிருந்து மேலே போவது. அதிகாரம் உள்ளவரிடம் இல்லாதவர் வைப்பது. இங்கோ திசை நேர்மாறானது. ‘கட்டாயத் தவிர்ப்பு’ என்றால் கட்டாயமாகத் தவிர்ப்பது என்றும் பொருள் கொள்ள இடமிருக்கிறது. ‘ஏவல்’ இலக்கணத்தில் நன்கு பழகிய சொல் என்பதால் எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் பில்லி, சூனியத்துக்கு அடுத்தபடியாக வாயில் வருகிற சொல்லை ஒரு குழந்தையின் நிலைக்குப் பெயராக வைப்பது விபரீதமாக முடியலாம். அதைவிட முக்கியமான காரணம், ஏவுவதற்கு இன்னொருவர் வேண்டும் என்பதே. இக்குழந்தைகளுக்குப் பசியும், தாகமும், கழிவறைக்குப் போக வேண்டும் என்ற உடலின் உந்துதலும்கூடத் தாங்க முடியாதவையாகலாம். தானே ஆசையோடு வரைய உட்கார்ந்த குழந்தை, ‘ஆகா, வரை, வரை’ என்று யாரேனும் உற்சாகப்படுத்தியவுடன் வண்ணக்கோலைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவதும் உண்டு. ஏனெனில் அந்தக் கணத்தில் ஆசை கடமையாகிவிட்டது. பாராட்டும் அப்படித்தான்: இன்று நன்றாகச் செய்தாய் என்றால், நாளையும் அப்படியே செய்ய வேண்டும் என்பது அதற்குள் ஒளிந்திருக்கிறது.

வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் வருவதை ஒருசேரச் சுட்ட ‘நெருக்குதல்’ பொருந்துகிறது. வேலை நெருக்குகிறது, நேரம் நெருக்குகிறது என்றெல்லாம் நாம் ஆள் இல்லாமலும் சொல்கிறோம். ‘அழுத்தம்’ என்றால் மன அழுத்தத்தோடு குழம்பிவிடும். அடுத்து, ‘தவிர்ப்பு’ என்பதற்குப் பதிலாகத் ‘தாளாமை’ என்று முன்மொழிகிறேன். தவிர்ப்பது ஒருவர் எண்ணிச் செய்கிற செயல். வெயில் தாளாமல், பசி தாளாமல் என்னும்போது முடியாமை முன்னே வருகிறது. மூலச் சொல்லிலிருந்து இது விலகுகிறது, காரணத்தை முன்முடிவாகப் பெயரிலேயே ஏற்றிவிடுகிறது என்ற ஆட்சேபத்தை எதிர்பார்க்கிறேன். அதில் நியாயமும் இருக்கிறது. ஆயினும் இச்சொல்லை முதலில் கேட்கப்போகிறவர்கள் பெற்றோரும் ஆசிரியரும். பிடிவாதம் என்று புரிந்துகொண்டால் அவர்கள் கண்டிப்பைக் கூட்டுவார்கள், சொன்னதைச் செய்தால் நட்சத்திரம் ஒட்டுகிற அட்டையும் பரிசும் தண்டனையும் கொண்டு பழக்கப் பார்ப்பார்கள். அவை ஒவ்வொன்றும் புதிய நெருக்குதலாகி நிலைமையை மோசமாக்குவதாகவே இக்குழந்தைகளின் குடும்பங்கள் பலவும் சொல்கின்றன. தாளவில்லை என்று புரிந்துகொண்டால் சுமையைக் குறைக்கத் தோன்றும்: இன்று விட்டுவிடக்கூடியவற்றை விட்டுவிடுவது, மீதமுள்ளவற்றில் குழந்தைக்குத் தெரிவு தருவது, ஏவல் வினையைக் கூடியமட்டும் குறைத்துச் செய்தியாகப் பேசுவது. ‘காலணியைப் போடு’ என்பதை விட, ‘வெளியே தரை சுடுகிறது, காலணி கதவோரம் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது பலன் தரலாம். பூனையோடு சேர்ந்து தாமும் பூனையாகிக் கதவு வரை போகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நல்ல உத்தியே.

ஓரிடத்தில் மட்டும் ‘தவிர்ப்பு’ நீடிக்க வேண்டும். 2014இல் வெளியான, பெற்றோர் நிரப்புகிற இ.டி.ஏ.-கியூ (எக்ஸ்ட்ரீம் டிமாண்ட் அவாய்டன்ஸ் கொஸ்டினேர்) வினாநிரல் வெளியே தெரிகிற நடத்தையைக் கேட்டு மதிப்பிடுவது. அதற்கு ‘நெருக்குதல் பெருந்தவிர்ப்பு வினாநிரல்’ என்பதே சரி. ‘மிகை நெருக்குதல் தவிர்ப்பு’ என்று எழுதினால் மிகையான நெருக்குதலைத் தவிர்ப்பது என்றாகி, உலகில் எல்லோருக்கும் பொருந்திவிடும். நிலைக்குத் தாளாமை, நடத்தைக்குத் தவிர்ப்பு என்று இரண்டையும் பிரித்து ஆளலாம் என்பது என் முன்மொழிவு. ‘பெர்வேசிவ் டிரைவ் ஃபார் அட்டானமி’க்கு, ‘தன்னாட்சி’ என்ற சொல்லில் அரசியல் வாடை வீசுவதால், ‘தன்வய உந்தல்’ என்று எண்ணியிருக்கிறேன். இதில் எனக்கே முழு நிறைவில்லை, மேலான சொல் இருப்பின் தெரிவியுங்கள்.