கும்பகோணத்திலிருந்து டொரண்டோ கிளம்பும் டீச்சருக்கு

கணவர் வேலைக்காக இரண்டு பிள்ளைகளோடு டொரண்டோ போகிறேன், அங்கே போய் நான் என்ன செய்வேன் என்று கேட்டிருந்தீர்கள். நான் மயிலாடுதுறைக்காரி. ஊரில் டீச்சராக இருந்துவிட்டு வந்து, இப்போது டொரண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்ம்மா.

முதலில் சான்றிதழ்கள். இங்கே அரசுப் பள்ளியில் நிரந்தரமாகப் பாடம் எடுக்க, ஒண்டாரியோ ஆசிரியர் கல்லூரியின் உரிமம் வேண்டும். பெயரில் கல்லூரி இருந்தாலும் அங்கே யாரும் படிப்பதில்லை, உரிமம் தரும் அமைப்பு அது. மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேராக அனுப்ப வேண்டும். நம் பக்கத்தில் பலர் பட்டம் வாங்கியது திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில். 2008-க்குப் பிறகு பி.எட். சேர்ந்தவர்களுக்கு அது சென்னையில் உள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். ஆக இரண்டு ஊருக்கும் அலைய வேண்டும். விமானம் ஏறிய பிறகு அப்பாவை அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், எந்தப் பள்ளியில், எந்த வகுப்புக்கு, எத்தனை நாள் கற்பித்தல் பயிற்சி எடுத்தீர்கள் என்று பி.எட். கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். 2015 முதல் இங்கே ஆசிரியர் பயிற்சி நான்கு செமஸ்டர், குறைந்தது 80 நாள் வகுப்பறையில். உங்கள் படிப்பை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, கூடுதலாகச் சில பாடங்கள் படிக்கச் சொன்னாலும் சொல்வார்கள்.

இதெல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்த மாதங்களைப் பற்றித்தான். வீணை வாசிப்பீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். வேலை கிடைத்து எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படித் தள்ளிப் போடாதீர்கள். இங்கே வந்த புதிதில், இனி நாம் யாருக்கும் டீச்சர் இல்லை என்ற நினைப்பு ஆளையே முடக்கிவிடும். பகலில் கடையில் கல்லாவில் நின்றுவிட்டு வந்தாலும், சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுத்தால் நீங்கள் டீச்சர்தான். உங்கள் பிள்ளைகளும் அம்மாவை அப்படித்தான் பார்ப்பார்கள்.

வீணையைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். தஞ்சாவூர் வீணை பலாமரம், அதன் 24 மெட்டும், அதாவது தந்தியை அழுத்திப் பிடிக்கும் உலோகக் கட்டைகளும், நிற்பது மெழுகில். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டுவிடும். ஒரே மரத்தில் குடையாமல், தனித்தனியாகச் செய்து ஒட்டிய ஒட்டு வீணையாக இருந்தால் ஒட்டு பிரிய ஆரம்பிக்கும். சூடான காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஒரு ஹியூமிடிஃபயர் வாங்கி, அறையின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பனியில் வெளியே எடுத்துப் போய் வந்தால், பெட்டியை உடனே திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று விடுங்கள். கோடையில் பூட்டிய காருக்குள் விட்டால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். மெழுகு வைத்து மெட்டுகளைச் சுருதிக்குப் பொருத்துவதைத்தான் மேளம் கட்டுவது என்பார்கள், இங்கே அது தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் தஞ்சாவூரில் புதிதாக மேளம் கட்டிக்கொண்டு, தந்தி செட்டுகளும் கூடுதலாக வாங்கி வாருங்கள்.

பிள்ளைகளின் பாட்டு வாத்தியாரையும் விட வேண்டாம், வீடியோ காலில் வகுப்பைத் தொடரலாம். குளிர்காலத்தில் கும்பகோணத்தில் சனிக்கிழமை காலை ஆறு மணி என்றால் இங்கே வெள்ளி இரவு ஏழரை, கோடையில் எட்டரை. ஊரில் வாத்தியார் எழுந்து தம்புராவை மீட்டும் நேரத்தில் இங்கே பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். தாத்தா பாட்டியும் அந்தப் பக்கம் கூட உட்கார்ந்து கேட்கலாம்.

டொரண்டோவில் உங்களிடம் வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஈழத்துக் குடும்பத்துப் பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்கள் பேச்சைத் தஞ்சாவூர்ப் பேச்சாக மாற்றப் பார்க்காதீர்கள். அரங்கேற்றத்தையும் நாதஸ்வர, தவில் கச்சேரியையும் அந்தக் குடும்பங்கள் எவ்வளவு மதிப்பாக நடத்துகின்றன என்பதை நேரில் பார்க்க வேண்டும். நம் கும்பகோணத்துப் பக்கத்து நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளையோடு சேர்ந்து தவில் வாசித்தவர் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. அவர்களுக்கும் நம் ஊருக்கும் அவ்வளவு பழைய உறவு. அந்த உரிமையோடு பழகுங்கள், வீடு கிடைப்பதிலிருந்து வேலை வரை கை கொடுப்பார்கள்.

ஊருக்கு வருவது பற்றி. பள்ளி வேலை கிடைத்துவிட்டால் நீண்ட விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரையில் இருக்கலாம். திருவையாறு தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில் வரும், அப்போது இங்கே பள்ளி நடக்கும். அதனால் முடிந்தால் வேலை அமைவதற்கு முன்பே ஒரு ஜனவரியில் பிள்ளைகளை அழைத்து வந்து, பஞ்சரத்னம் பாடும் கூட்டத்தில் உட்கார வையுங்கள். நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் வரை ஐந்து கீர்த்தனையும் முடியும்வரை உட்கார மாட்டார்கள், பரவாயில்லை. ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமி என்றைக்கு என்று பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். கிறிஸ்துமஸ் கூட்டம் கழிந்த பிறகு கிளம்பினால் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.