புராஸ்டேட் அழற்சி ஆய்வு: ஊர் வழக்குச் சொற்களும் லேப் அனுபவமும் தேவை

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி. அதன் நாள்பட்ட அழற்சிக்கான என்ஐஎச் (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம்) வினாத்தாளைத் தமிழாக்குகிறோம். 13 கேள்விகள், வலிக்கு 21, சிறுநீர்த் தொல்லைக்கு 10, வாழ்க்கைத் தரத்துக்கு 12, மொத்தம் 43 மதிப்பெண். சிகிச்சைக்குப் பின் 6 மதிப்பெண்ணாவது குறைந்தால்தான் பலன் என்று கணக்கு. ஒரு சொல் பிசகினால் முடிவே புரண்டுவிடும்.

முதல் கேள்வியே சிக்கல். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலிக்கிறதா என்பதைத் தொடையிடுக்கு என்று எளிதில் தப்பாக எடுத்துக்கொள்ளலாம். "சைக்கிள் சீட் அழுந்தும் இடம்" என்று போடலாமா? உங்கள் ஊரில் கூச்சமில்லாமல் சொல்லும் சொல் எது? மாவட்டத்தோடு எழுதுங்கள்.

லேப் நண்பர்களுக்கு: புராஸ்டேட் மசாஜுக்கு (ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியை அழுத்துவது) முன் நடுச்சிறுநீர் (முதலில் வருவதை விட்டு நடுவில் பிடிப்பது), மசாஜுக்குப் பின் வரும் சிறுநீரில் முதல் 10 மி.லி., இரண்டையும் கல்ச்சருக்கு (கிருமி வளர்ப்புச் சோதனை) அனுப்புகிறோம். பின்னதில் கிருமி 10 மடங்கு கூடினால் புராஸ்டேட்டில் தொற்று இருக்கிறது என்று பொருள். மி.லி.க்கு ஒரு லட்சத்துக்குக் கீழான கிருமி எண்ணிக்கையை "வளர்ச்சி இல்லை" என்று எழுதினால் அந்த ஒப்பீடே போய்விடும். சிறிய எண்ணிக்கையையும் தரச்சொல்லி படிவத்தில் எப்படிக் குறிப்பிடுகிறீர்கள்?

(காய்ச்சலோடு வரும் திடீர் அழற்சியில் மசாஜ் கூடவே கூடாது, கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். அவர்களை ஆய்வில் சேர்க்கவில்லை.)