பள்ளி பூட்டியிருந்த மாதங்களில் ஆசிரியருக்கு முழுச் சம்பளம் நியாயமா?

கன்டெய்னர்காரன், மணலி:
நேற்று டீக்கடையில் ஆரம்பித்த சண்டை முடியவில்லை, இங்கே கொண்டு வருகிறேன். மழைக்கு நாலு நாள் லீவு விட்டால் வாத்தியார் சம்பளத்தைப் பற்றி நான் பேச மாட்டேன். ஆனால் கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. என் பெண் ஒன்றாம் வகுப்பு முடிக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்தவள், திரும்பப் போகும்போது மூன்றாம் வகுப்பு. 'கெ' எழுதச் சொன்னால் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டாள். எனக்கு டிரிப் ஓடினால்தான் படி. லாரி நின்றால் வயிறும் நின்றது. அவர்களுக்கு மட்டும் மாதக் கடைசியில் பேங்க் மெசேஜ் தவறாமல் வந்தது. நாளைக்கு இன்னொரு நோயோ வெள்ளமோ வந்து மூன்று மாதத்துக்கு மேல் பள்ளி மூடினால், பாதிச் சம்பளம் போதாதா?

கொருக்குப்பேட்டை டீச்சர்:
அண்ணா, நான் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. பூட்டு வகுப்பறைக்குத்தான் போட்டார்கள், எனக்கு இல்லை. 2020 மே, ஜூனில் சென்னையிலேயே தொற்று அதிகம் இருந்தது ராயபுரம் மண்டலத்தில். அந்த நேரத்தில் எனக்குப் போட்ட டூட்டி, வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல் என்று கணக்கெடுப்பது. சந்துக்குள் தகரம் அடித்த வீட்டு வாசலில் நின்று, 'இருமல் இருக்கா' என்று கேட்டால் கதவைச் சாத்துவார்கள். அப்புறம் சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டை கொடுத்தோம். பள்ளி முற்றத்தில் சுண்ணாம்பில் வட்டம் போட்டு ஒவ்வொரு அம்மாவாக நிற்க வைத்தோம். புத்தகமும் அப்படித்தான் கொடுத்தோம்.

பாடம் நடத்தவில்லையே என்கிறீர்கள். என் வகுப்பில் 34 பிள்ளைகள், ஆண்ட்ராய்டு போன் இருந்த வீடு 11. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு திரும்பும். வீட்டுப்பாடப் படங்கள் பத்து மணிக்கு மேல் வரிசையாக வந்து விழும். ஒரு பையன் அனுப்பிய நோட்டுப் பக்கத்தில் ஒட்டியிருந்த மீன் செதில் பளிச்சென்று தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. மறுபடி எடுத்து அனுப்பு என்று சொல்ல மனசு வரவில்லை.

சும்மா இருந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். அதை மறுக்க மாட்டேன்.

காசிமேட்டு ஆள்:
டீச்சர், நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். எங்கள் கணக்கையும் கேளுங்கள். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகட்டும் என்று அரசே போடும் தடை, எங்கள் தப்பு எதுவும் இல்லை. அதற்குக் குடும்பத்துக்கு நிவாரணம் 8,000 ரூபாய். முன்னால் 5,000-தான் இருந்தது. அந்த 61 நாளும் கால் நீட்டிப் படுத்திருக்கிறோமா? படகைக் கரையேற்றி அடிப்பாகம் சுரண்டுகிறோம், பெயின்ட் அடிக்கிறோம், இன்ஜினைப் பிரித்துப் போட்டு மாட்டுகிறோம், வலை பொத்துப் போன இடமெல்லாம் கோக்கிறோம். இதற்குக் கூலி யார் தருவது? மூடினால் நிவாரணம், முழு வருமானம் இல்லை. எங்களுக்கு அதுதான் நியாயம் என்றால் உங்களுக்கும் அதுதானே?

ரூல்ஸ், ராயபுரம் (கருவூலத்தில் இருந்து ஓய்வு):
உணர்ச்சியை ஓரம் வைத்துவிட்டு விதியைப் பார்ப்போம். 'வேலை இல்லை என்றால் சம்பளம் இல்லை' என்று 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ (ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு) வேலைநிறுத்தத்தின்போது அரசு சொன்னது. அங்கே வேலைக்கு வர மறுத்தது ஊழியர். தொற்றுக் காலத்தில் 'வராதே' என்றது அரசு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, கற்பித்தல் அல்லாத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. விலக்கு மூன்றே மூன்று: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம். அதனால் டீச்சர் காய்ச்சல் கணக்கெடுக்கப் போனது சட்டப்படி அவர் வேலைதான். சம்பளமே குறையவில்லை என்பதும் தப்பு. அகவிலைப்படியை 17 சதவீதத்தில் நிறுத்தி வைத்தார்கள், 2022 ஜனவரியில்தான் 31 ஆனது. இடைப்பட்ட பாக்கி வரவில்லை. எடுக்காத ஈட்டிய விடுப்பைக் கொடுத்துக் காசாக்கும் சரண்டரும் நின்று போனது.

கன்டெய்னர்காரன், மணலி:
ஐயா, அகவிலைப்படி ஏறவில்லை என்று நீங்கள் வருத்தப்படும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். விலைவாசி ஏறினால் கூடவே ஏறுகிற சம்பளம் என்று ஒன்று இருப்பதே எனக்கு டீசல் போட ஆரம்பித்து பதினைந்து வருஷம் கழித்துத்தான் தெரியும்.

எண்ணூர் அம்மா:
எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒரே பள்ளி, இரண்டு மிஸ். பெரியவனின் மிஸ் தினமும் காலை எட்டு மணிக்கு போன் செய்து வாய்ப்பாடு சொல்லச் சொல்லுவார். ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லும். சின்னவளின் மிஸ் கல்வித் தொலைக்காட்சியில் எத்தனை மணிக்கு எந்தப் பாடம் என்று ஒரு அட்டவணையை குரூப்பில் போட்டார். ஒன்றரை வருஷத்துக்கு அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம். சம்பளத்தைக் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த இரண்டாவது மிஸ்ஸிடம் 'என்ன செய்தீர்கள்' என்று ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டாமா?

புயலையும் சொல்கிறேன். 2023 மிக்ஜாம் மழைக்கு டிசம்பர் 4-ஆம் தேதி மூடிய பள்ளி 11-இல் திறந்தது. எங்கள் பக்கம் வெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. புத்தகப் பையைத் தூக்கினால் கை கறுப்பாகும், அவ்வளவு பிசுக்கு. திறந்த அன்றைக்கு மிஸ் கேட்டது, 'ரெக்கார்ட் நோட்டு எங்கே?' போன நாளுக்கு ஈடாகச் சனிக்கிழமை வகுப்பு வைத்தார்கள். நாளை ஈடு கட்டிவிடலாம், நோட்டுக்கு என்ன செய்ய?

கொருக்குப்பேட்டை டீச்சர்:
அக்கா, கேட்கட்டும், தாராளமாகக் கேட்கட்டும். எதை வைத்துக் கேட்பார்கள் என்பதுதான் என் பயம். எங்களிடமும் கேட்டார்கள், தினமும் ஒரு கூகுள் ஷீட். எத்தனை பேருக்கு போன் செய்தாய், எத்தனை படம் வந்தது. போன் செய்யாமலே எண்ணை நிரப்பியவர் பெயர் மேலே போனது. நான் நிஜத்தை எழுதி, 34-க்கு 9 என்று போட்டு, மீட்டிங்கில் நின்றேன்.

காசிமேட்டு அண்ணனுக்கு: உங்கள் 8,000 போதாது என்று நீங்கள் கேட்டால் நானும் கூட வந்து நிற்பேன். எனக்கும் 8,000 என்று ஆக்கினால் உங்கள் வீட்டில் என்ன மாறும்?

காசிமேட்டு ஆள்:
என் வீட்டில் எதுவும் மாறாது, சரிதான். ஆனால் மனசு கொஞ்சம் ஆறும். பொய் சொல்ல மாட்டேன்.

முன்னாள் மெட்ரிக் கணக்கு:
ஒரு நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் அரசு சம்பளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வடசென்னையில் பாதிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எங்களை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி, பெயர் வேண்டாம். பி.எஸ்சி., பி.எட். படித்து 14,000 ரூபாய் வாங்கினேன். 2020 ஏப்ரலில் பாதி வந்தது. மே மாதம் ஒன்றுமில்லை. ஜூனிலிருந்து ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்களுக்கு மட்டும் 5,000. சமையலறைக் கதவின் பின்பக்கம்தான் கரும்பலகை, சாக்பீஸ் என் பையன் டப்பாவில் எடுத்தது. அரிசி டின் மேல் பருப்பு டப்பா, அதன் மேல் போன். அல்ஜீப்ரா நடத்தும்போது குக்கர் விசிலடித்தால் பிள்ளைகள் 'மிஸ், மூணு' என்று எண்ணிச் சொல்லும். நெட் பேக் என் காசு.

இதில் ஒரு வேலை கூடுதலாக வந்தது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு பட்டியல், பெற்றோருக்கு போன் போட்டுக் கட்டணம் கேட்க வேண்டும். 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது: கல்விக் கட்டணத்தில் 40 சதவீதத்தை ஆகஸ்ட் கடைசிக்குள் வாங்கலாம், 35 சதவீதத்தைப் பள்ளி திறந்த பிறகு வாங்கலாம். எங்கள் ஆபீஸில் அந்த 40 மட்டும் மனப்பாடம். நான் போன் போட்ட அப்பாக்களில் பாதிப் பேர் இந்தக் கன்டெய்னர்காரர் மாதிரி வேலை நின்றவர்கள். 'மிஸ், உங்களுக்காவது சம்பளம் வருதா' என்று ஒருத்தர் கேட்டார். வருகிறது என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

ஆகஸ்டோடு நின்றுவிட்டேன். இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டேன். 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டம் வந்ததும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலை ஐந்து முதல் ஏழு வரை, மாதம் 1,000 ரூபாய். ஒன்றரை வருஷத்தில் விழுந்த பள்ளத்தை மூட எனக்குக் கிடைத்த கூலி அது. குறை சொல்லவில்லை, பிள்ளைகள் நன்றாகத்தான் வந்தார்கள்.

ரூல்ஸ், ராயபுரம்:
அம்மா சொல்வது வேதனைதான். இதற்கெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. கல்வி உரிமைச் சட்டத்தில் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம், தயாரிப்பும் சேர்த்து, என்று இருக்கிறதே. பள்ளி மூடினால் அந்த 45-இல் எத்தனை போனில், எத்தனை வீடு தேடிப் போவதில், எத்தனை நிவாரணத்தில் என்று ஒரு பக்கத்தில் உத்தரவாகப் போடட்டும். செய்தால் முழுச் சம்பளம், செய்யாவிட்டால் விளக்கம் கேட்கட்டும். தனியாருக்கும் அதையே வைக்கட்டும். 2015 வெள்ளத்தில் வாரக்கணக்கில் மூடிக் கிடந்து, அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனதே, அப்போதே எழுதியிருக்க வேண்டியது.

முன்னாள் மெட்ரிக் கணக்கு:
ஐயா, உங்கள் உத்தரவை எந்த ஆசிரியருக்கு அனுப்புவார்கள்? எனக்கு நியமனக் கடிதமே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் வாங்கி அவர்கள் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். நின்றபோது, முன்னறிவிப்பு கொடுக்காததற்கு ஒரு மாதச் சம்பளம் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். எந்த மாதச் சம்பளம் என்றேன். 14,000-தானாம். எனக்குத் தரும்போது 5,000, என்னிடம் வாங்கும்போது 14,000.

கன்டெய்னர்காரன், மணலி:
கட்டினீர்களா?

முன்னாள் மெட்ரிக் கணக்கு:
கட்டினேன். மாவு விற்ற காசு.

கன்டெய்னர்காரன், மணலி:
சரி. பாதிச் சம்பளம் என்று நான் சொன்னது மாறவில்லை, ஆனால் அதை ஏற்கனவே உங்களிடம் செய்து பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் முதலாளியும் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வார், அதனால் பீரோ கதை எனக்குப் புதிதில்லை.

காசிமேட்டு ஆள்:
அப்ப டீச்சருக்கு முழுசா, பாதியா? முடிவைச் சொல்லுங்கப்பா, ராத்திரி ரெண்டு மணிக்குப் படகு.

கொருக்குப்பேட்டை டீச்சர்:
முழுசு. ஆனால் ரூல்ஸ் ஐயாவின் அந்த ஒரு பக்க உத்தரவையும் கையில் கொடுங்கள். ஷீட் வேண்டாம்.

கன்டெய்னர்காரன், மணலி:
கணக்கு மிஸ், வேறு விஷயம். என் பெண் இப்போது பெரிய வகுப்பு. தமிழ் சரியாகிவிட்டது, பின்னம் மட்டும் இன்னும் ஏறவே இல்லை. டியூஷன் எடுப்பீர்களா?

முன்னாள் மெட்ரிக் கணக்கு:
எடுக்கிறேன் அண்ணா. மாதம் 500. மழை லீவுக்குக் கழிக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.