சொந்தப் புத்தகம் காத்திருக்கிறது, இரவல் புத்தகம் முந்திக்கொள்கிறது: உங்கள் அனுபவம் என்ன?

தாம்பரத்திலிருந்து ஓர் ஆசிரியர்:

வீட்டில் படிக்காத புத்தகங்கள் மூன்று தட்டு நிறைய இருக்கின்றன. ஆனாலும் என் கையில் எப்போதும் இருப்பது கிளை நூலகத்துப் புத்தகம்தான். நூலகப் புத்தகத்தில் திருப்பித் தரவேண்டிய தேதி முத்திரை குத்தியிருக்கிறது; காசு கொடுத்து வாங்கியதற்கு அப்படி எதுவும் இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய், பத்து சதவீதத் தள்ளுபடியை விட மனமில்லாமல் பை நிறைய வாங்கி வருகிறேன். அவையெல்லாம் இரண்டு வாரக் கெடு உள்ள இரவல் புத்தகத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன.

இதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். என் அலமாரியில் இருக்கும் புத்தகத்தையே நூலகத்திலும் இரவல் எடுப்பது. சிரிக்காதீர்கள். கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காமல் பல வருடம் வீட்டில் கிடந்த பெரிய நாவல் ஒன்றை நூலகப் பிரதியில்தான் படித்து முடித்தேன், அதுவும் கெடுவுக்கு முன்பே. அடிக்கோடு போடவேண்டிய இடம் வந்தால் மட்டும் வீட்டுப் பிரதியைத் திறந்து போட்டுக்கொள்வேன்.

இந்த வித்தை அதிக நாள் ஓடவில்லை. ஒருநாள் நூலகர் அம்மா என் கையில் இருந்த கட்டுரைத் தொகுப்பைப் பார்த்துவிட்டு, “சார், இது உங்கள் வீட்டிலேயே இருப்பதாகப் போன மாதம் சொன்னீர்களே?” என்றார். ஆமாம் என்றேன். “அப்படியானால் இதை வைத்துவிட்டுப் போங்கள். ஒரு கல்லூரிப் பெண் நேற்றுதான் கேட்டுவிட்டுப் போனாள். உங்களுக்கு வேண்டியது தேதிதானே?” என்று சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து வெற்றுத் தேதிச் சீட்டு ஒன்றை எடுத்து, முத்திரை குத்தி, என் கையில் கொடுத்தார். வீட்டுப் பிரதிக்குள் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்.

ஒட்டியிருக்கிறேன். பலன் பாதிதான். தாமதக் கட்டணம் கேட்க ஆளில்லாத தேதிக்கு நான் கொடுக்கும் மரியாதையும் அவ்வளவுதான். நீங்கள் எல்லோரும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மன்னார்குடியிலிருந்து, ஓய்வூதியர்:

நூலக விஷயத்தில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. புத்தகம் ஏற்றிய மாட்டுவண்டி இங்கிருந்து கிளம்பிச் சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் போனது 1931-இல். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டதும் அதே ஆண்டுதான். முதல் விதியே புத்தகங்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். அந்த விதிப்படி என் வீட்டு பீரோவைச் சோதித்தால் அதற்குத் தேர்ச்சி கிடைக்காது. இருந்தாலும் அதற்காக வாதாட எனக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

என் அம்மா வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரா வாரம் பிரித்தெடுத்து, முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வைத்தார். அந்தக் கதைகளில் பல பின்னால் நாவல்களாக வந்தன. எங்கள் ஊர் நூலகத்திலும் இருக்கின்றன. கதை மட்டும் வேண்டுமென்றால் அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம். ஆனால் அம்மாவின் தொகுப்பில் ஓவியரின் படம் இருக்கிறது, பக்கத்தின் ஓரத்தில் துணுக்கு இருக்கிறது, பின்பக்கத்தில் தைல விளம்பரம் இருக்கிறது. “தொடரும்” என்று கதையை வெட்டிய இடம் எது என்பதும் தெரிகிறது. நூலாக வரும்போது அந்த இடங்களெல்லாம் தையல் தெரியாமல் மறைந்துவிடுகின்றன.

போன வருடம் ஆராய்ச்சி மாணவர் ஒருவர், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்தார். அம்மாவின் கட்டுகளை எடுத்துக் கொடுத்து, காபியும் கொடுத்து, எந்தக் கதையைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டேன். “கதை இல்லை ஐயா, விளம்பரங்கள்” என்றார். மாலை வரை உட்கார்ந்து சோப்பு, ஊறுகாய், தலைவலி மாத்திரை என்று வரிசையாகக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனார். அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். விளம்பரப் பக்கம் கிழியாமல் பைண்டு போட வேண்டும் என்று கடைக்காரரோடு அவர் சண்டை போட்டதாக நினைவில்லை.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: நூலகத்தில் கிடைப்பதை நான் வாங்குவதில்லை. எந்த நூலகத்திலும் கிடைக்காததை யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை, வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம். இராமபாணப் பூச்சிக்கு மட்டும் இந்த விதி தெரியவில்லை. வசம்பு வைக்கிறேன், அந்துருண்டை வைக்கிறேன், அதன் போக்கில் அது தின்கிறது. பூச்சிக்கு வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டூர்புரத்தில் விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்:

நான் சொல்லப்போவது மூன்றாவது வகை: சொந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போவது.

விடுதி அறையில் நான்கு பேர். ஒருத்தி தொலைபேசியில், ஒருத்தி தூக்கத்தில். படிக்க இடமில்லை. 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது, அங்கே சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. சனி, ஞாயிறுகளில் என் நாவலோடு அங்கே போய்விடுவேன். வீட்டிலிருந்து எடுத்து வந்து வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்தவற்றை அங்கேதான் படிக்கத் தொடங்கினேன்.

அந்தப் பகுதியில் பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். காலையிலேயே இடம் பிடித்து, குறிப்பேடு, வண்ணப் பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் வழக்கமாக உட்காரும் அண்ணன் ஒருவர் என் புத்தகத்தை வெகுநேரம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார்: “இது எந்தத் தாளுக்குங்க?”

எந்தத் தாளுக்கும் இல்லை, சும்மா படிக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. பாடத்திட்டத்தில் புதிதாக ஏதோ சேர்த்துவிட்டார்கள், அதை நான் மறைக்கிறேன் என்றே நினைத்தார் போலும். மறுவாரம் அவர் மேசையிலும் அதே நாவல்! இரண்டாம் மாடித் தமிழ்ப் பிரிவில் பார்த்ததாகவும், உட்கார்ந்து நாற்பது பக்கம் படித்துவிட்டு, பிறகு தாங்காமல் கடையில் வாங்கிவிட்டதாகவும் சொன்னார். தேர்வில் அவர் என்ன ஆனார் என்று தெரியாது. அந்தக் கதாநாயகியின் மேல் அவருக்கு இருந்த கோபம் மட்டும் நன்றாகத் தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து:

தாம்பரம் நண்பரே, இங்கே நீங்கள் செய்ததைத் தவறென்று சொல்ல மாட்டேன். நானும் வீட்டில் இருக்கும் தமிழ்ப் புத்தகத்தை நூலகத்திலிருந்து வேண்டுமென்றே எடுக்கிறேன். என் காரணம் வேறு. யாரும் தொடாத புத்தகம் எந்த நூலக அலமாரியிலும் நெடுநாள் நிற்காது. இங்கே தமிழ் நூல்களுக்கென்று தனி அடுக்குகள் இருக்கின்றன. அவை இருக்க வேண்டுமென்றால் யாராவது எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 21 நாள் தவணை. திருப்பிப் போடும் பெட்டி இரவிலும் திறந்திருக்கும், வேலை முடிந்து வரும் வழியில் போட்டுவிடலாம்.

வாங்குவதற்கு எனக்கு இருக்கும் ஒரே கட்டுப்பாடு விமான நிலையத்துத் தராசு. ஜனவரியில் சென்னைக்கு வரும்போது, ஏற்கெனவே நூலகத்தில் படித்து, மறுபடியும் படிக்கத் தோன்றியதை மட்டும்தான் வாங்குகிறேன். போன முறை பெட்டி எடை கூடிவிட்டது. எதை எடுப்பது என்று முகப்பிலேயே குந்தி யோசித்தேன். பின்னால் நின்ற பெரியவர், “புத்தகத்தை விடாதே அம்மா, அந்த அரிசி மாவை விடு, அங்கேயே கிடைக்கும்” என்றார். மாவை என் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனேன். மாமியாரிடம் என்ன சொன்னேன் என்பது இங்கே தேவையில்லை.

ஈரோட்டிலிருந்து:

சொந்தம், இரவல் என்ற பிரிவே எனக்கு ஒப்பவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948-இல் வந்தது. அதன்படி நம் வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள், இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆக, நூலகத்தில் இருப்பதும் நம் காசில் வாங்கியதுதான். எடுக்காமல் விடுபவர்களுக்குத்தான் நட்டம்.

ஒரு குறை: ஐந்து பாக நாவலில் மூன்றாம் பாகம் எப்போதும் இருக்காது. இது எந்த ஊரிலும் மாறாத சட்டம் போலிருக்கிறது. எங்கள் பக்கத்து நூலகத்திலும் அப்படித்தான். புத்தகத் திருவிழாவில் கேட்டால் தனிப் பாகம் தரமாட்டோம் என்றார்கள். பழைய புத்தகக் கடையில் அந்த ஒரு பாகத்தை மட்டும் பிடித்து, படித்துவிட்டு, நூலகத்துக்கே கொடுத்துவிட்டேன். இப்போது நான்காவது காணவில்லை.

ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்:

மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்தவன் என்பதால் சில விஷயங்களைச் சொல்கிறேன். தாம்பரத்து நூலகர் செய்தது சரி. ஒரே பிரதி இருக்கும் கிளையில், வீட்டில் வைத்திருப்பவர் அதை எடுத்துப் போனால் வைத்திராதவருக்கு வழியில்லை. புதிய நூல்களோ, வாங்கச் சொல்லி அரசின் நூலக ஆணை வந்த பிறகுதான் எங்களுக்கு வரும். அது தாமதமானால், கடையில் பரபரப்பாக விற்கும் புத்தகம் எங்கள் அடுக்குக்கு வருவதற்குள் அதைப் பற்றிய பேச்சே அடங்கிவிடும். புதியது உடனே வேண்டுமென்றால் வாங்குங்கள். படித்து முடித்துக் கொடுக்க மனம் வந்தால் எங்களிடம் கொடுங்கள். ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது பழைய தேர்வு வழிகாட்டிகளையும் கரையான் தொட்ட மாத இதழ்களையும் மூட்டையாக வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எங்களுக்கு வேண்டியது குழந்தைகள் நூல்களும், ஈரோட்டு நண்பர் சொன்ன அந்த மூன்றாம் பாகமும்தான்.

வாங்கவும் மாட்டார், மற்றவருக்கு விடவும் மாட்டார் என்று ஒரு வகை வாசகர் உண்டு. எங்கள் கிளையில் ஒருவர் துப்பறியும் நாவல்களைத் தனக்கென்று வேளாண்மை அடுக்கில், நெல் சாகுபடி நூல்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். அட்டைக்கு எத்தனை புத்தகமோ அத்தனையை எடுத்துக்கொண்டு, அடுத்த முறைக்கான சேமிப்பை அங்கே விட்டுப் போவார். எனக்கு இது வெகுநாள் தெரியாது. ஒரு விவசாயி நெல் பற்றிய நூல் கேட்டு வந்தபோதுதான் அகப்பட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. நாவல்களை எடுத்து அவற்றுக்குரிய இடத்தில் வைத்து, நெல் அடுக்கில் “இங்கே அறுவடை முடிந்தது” என்று ஒரு துண்டுச்சீட்டு வைத்தேன்.

அவர் வந்தார், பார்த்தார், சிரிக்காமல் போனார். மறுவாரம் நாவல்கள் கோழி வளர்ப்புக்குப் பின்னால் இருந்தன.