35 நாள் பொமரேனியன் குட்டி: வயிற்றுப்போக்கு, கடி, சிறுநீர்ப் பழக்கம்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். மகளின் பிடிவாதத்திற்கு இணங்கி, பிறந்து 35 நாளே ஆன பொமரேனியன் குட்டி ஒன்றைச் சென்ற ஞாயிறன்று வாங்கி வந்தோம். எடை 600 கிராம்தான். பசும்பாலும் பிஸ்கட்டும் போதும் என்றார் விற்றவர். மூன்று நாளாக மலம் நீர்த்துப் போகிறது. இரவெல்லாம் அழுகிறது, கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது, விளையாடினால் ஊசி போன்ற பற்களால் கடிக்கிறது, அதட்டினால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறது. பழக்குவதை எப்போது தொடங்குவது?

மறுமொழி 1

பழக்குவது இருக்கட்டும், முதலில் அதன் வயிற்றைக் கவனியுங்கள். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை என்பதால் பாலை இன்றே நிறுத்திவிட்டு, மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். தாயிடமிருந்தே குடற்புழு வந்திருக்கவும் கூடும். குட்டிகளுக்கான உலர் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, வெதுவெதுப்பாக, நாளுக்கு நான்கைந்து முறை கொடுங்கள். கடைசி வேளை நீங்கள் உறங்கப்போகும் நேரத்தில் இருக்கட்டும். இவ்வளவு சிறிய உடலில் சேமிப்பு என்று எதுவும் இல்லாததால், ஓரிரு வேளை பட்டினி கிடந்தாலே இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். குட்டி தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, துவண்டு படுத்தாலோ, சிறிது தேனை ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

விற்றவர்மீதும் எனக்குக் கோபம்தான். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும்தான் கற்கிறது; ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். உங்கள் குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுபோனதால், அதை நீங்கள்தான் நடத்த வேண்டும். பல் பட்டவுடன் அதட்டாமல் கையை எடுத்துக்கொண்டு அரை நிமிடம் திரும்பி உட்காருங்கள். பிறகு கடிப்பதற்கு முறுக்கிய ஈரத்துணி ஒன்றைக் கொடுங்கள். மகளின் தோல் கிழிந்தால், சின்னக் குட்டிதானே என்று விட்டுவிடாமல், 15 நிமிடம் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிறுநீருக்கு வருவோம். தூங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் அதைத் தூக்கிச் சென்று பால்கனி மூலையில் விரித்த செய்தித்தாளில் விடுங்கள். ஈரமான தாளில் ஒரு துண்டைப் புதிய தாளின் அடியில் வைத்தால் வாசனை பிடித்து அங்கேயே போகும். தவறிய இடத்தில் மூக்கைத் தேய்ப்பது பழைய வழக்கம். அதனால் ஒளிந்து கழிக்கத்தான் கற்றுக்கொள்ளும். இரவில் பழைய புடவை விரித்த அட்டைப்பெட்டியை உங்கள் கட்டிலருகே வையுங்கள், அழுகை பாதியாகக் குறையும்.

மறுமொழி 3

ஊசிகள் முடியும்வரை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று பலர் சொல்வார்கள். அதில் பாதி சரி. குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வயிற்றுப்போக்கு நோயைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். ஆகவே தரையில் இறக்காதீர்கள், செருப்பையும் வாசலிலேயே விடுங்கள். ஆனால் புதியவற்றுக்கு அஞ்சாமல் பழகும் பருவம் ஏறத்தாழ 14 வாரத்தோடு முடிந்துவிடும் என்பதால், உடல் தேறியதும் கையில் ஏந்தியபடி ஆட்டோ சத்தத்தையும் அயலார் முகத்தையும் அறிமுகப்படுத்துங்கள். முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்திற்குள். பிறகு 3, 4 வார இடைவெளியில் 16 வாரம்வரை. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் பரிசோதித்துவிட்டு உருளைப்புழு என்றார். எடை பார்த்து மருந்து கொடுத்திருக்கிறார், இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார். இன்று காலை மலம் சற்றுக் கெட்டியாக இருந்தது. வெங்காயம் போட்டுத் தாளித்த தயிர்சாதத்தை ஒரு வாய் கொடுக்கலாமா என்று என் மாமியார் கேட்கிறார்.

மறுமொழி 1

வேண்டாம் அம்மா. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். 600 கிராம் குட்டிக்குச் சிறு அளவே அதிகம். வயிறு தேறும்வரை தயிரும் காத்திருக்கட்டும்.